மலைச்சரிவில் மனை கோலுவோருக்கு ஒரு திறந்த மடல்



கண்டி மாநகரிலும், அதைச் சூழ்ந்த ஹந்தானை, அம்பிட்டிய, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, வத்தேகம, கலஹா முதலிய மலைச்சாரல்களிலும், வாழ்நாளில் முதன்முறையாகச் சொந்த வீடொன்றை எழுப்பிக்கொள்ள முனைந்திருக்கும் உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். உங்களிற் பலருடைய பாட்டனாரும் தந்தையாரும், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அளந்து கொடுக்கப்பட்ட தோட்டத்து லயன் அறையொன்றிற் பிறந்து, அடுப்பும் படுக்கையும் சுவாமி படமும் அந்த ஓர் அறைக்குள்ளேயே அடங்க வாழ்ந்து மறைந்தவர்கள்; வேறு சிலருடைய முன்னோர், நகரத்துக் கடைகளின் மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருந்து, மாதம் பிறக்குமுன் வீட்டுக்காரர் முகத்தை நினைத்துக்கொண்டவர்கள். ஆகையால், ஏழு பேர்ச்சஸோ பத்துப் பேர்ச்சஸோ ஒரு துண்டுக் காணி உங்கள் பெயருக்கு உறுதி எழுதப்பட்டு, அதன்மேல் முதற்கல் வைக்கும் நாளும் வந்துசேரும்போது, அது வெறுங் கட்டட வேலையாக இராமல் மூன்று தலைமுறையின் மனோரதமாகவே இருப்பது இயல்பு. அந்த மனோரதத்தைக் குறைகூறும் எண்ணம் எனக்கு இல்லை. ஆயினும், ஆசை மிகுந்த இடத்தில் நிதானம் குறைவது உலக சுபாவம் ஆதலாலும், நிதானம் குறைந்த இடத்தை மலை ஒருபோதும் மன்னிப்பதில்லை ஆதலாலும், சில விஷயங்களை ஒளிவுமறைவின்றி எழுதத் துணிகிறேன்.

சமதரையிலே வீடு கட்டுகிறவர் செய்யும் பிழை பெரும்பாலும் அவரோடு நின்றுவிடும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒருவர் அத்திவாரத்தில் சிக்கனம் பிடித்தால் அவருடைய சுவர்தான் வெடிக்கும். கூரையில் அலட்சியமாக இருந்தால் அவருடைய பாயில்தான் ஒழுகும். மலைச்சரிவிலோ ஒரு வீட்டின் பின்சுவர் இன்னொரு வீட்டின் வாசலுக்கு மேலே நிற்கிறது. ஒருவர் கூரையில் விழுந்த மழை மற்றொருவர் அடுக்களையைத் தேடிச் செல்கிறது. ஒருவர் வெட்டிக் குவித்த மண் அயலார் வேலியின்மேற் சாய்கிறது. எனவே, கண்டியிலே வீடு கட்டுவதைத் தம் குடும்பத்துச் சொந்தக் காரியம் என்று மாத்திரம் எண்ணுவதே முதற்பிழை என்பதும், ஏனைய பிழைகளிற் பெரும்பாலானவை அந்த எண்ணத்திலிருந்தே கிளைக்கின்றன என்பதும் என் அபிப்பிராயம்.

இதற்குத் தருக்கத்தால் நிரூபணம் தேடவேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 20ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், நம் நகரத்தின் பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடமொன்று சரிந்து அயல்வீட்டின்மேல் விழுந்தது. அவ்வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த கணவனும் மனைவியும், பிறந்து இரண்டு மாதமும் நிறையாத அவர்களுடைய குழந்தையும் மாண்டுபோனார்கள். இறந்தவர்கள் அக்கட்டடத்திற்கு ஒரு கல்லும் எடுத்து வைத்தவர்கள் அல்லர். அதன் பிளானைப் பார்த்தவர்களும் அல்லர். அதன் அருகே வாழ்ந்ததொன்றே அவர்கள் செய்தது. அச்செய்தி வந்த வாரத்தில் நகரமெங்கும் அதே பேச்சாக இருந்தது. பிறகு மறதி வந்தது. அதன்பின்பும் அதேபோன்ற சரிவுகளில் அதேபோன்ற தூண்கள் எழுந்துகொண்டேயிருக்கின்றன.

முதலில் காணியை வாங்கும் கட்டத்தைப் பார்ப்போம். நம்மவர்கள் காணி பார்க்கப் புறப்படுவது பெரும்பாலும் வெயில் நாளில். தரகரும் அதைத்தான் விரும்புவார். தை மாசியில் பார்த்த காணியும் ஐப்பசி கார்த்திகையிற் பார்க்கும் காணியும் ஒன்றல்ல. கோடையிலே காய்ந்து கிடந்த பள்ளம் மழையிலே ஓடையாக இருக்கும். பச்சைப் புல் படர்ந்த அழகிய மூலை, ஊற்று வாயாக இருக்கும். இடைப்பருவ மழை பெய்கிற நாளொன்றில், குடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காணியில் ஒரு மணி நேரம் நின்று, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, எந்த வழியாக இறங்குகிறது என்று கண்ணாற் கண்டபின்பே முற்பணத்தைக் கொடுக்க வேண்டும். மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருக்கின்றனவா, மின்கம்பங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, தரையில் வில்போல வளைந்த வெடிப்பு உண்டா, பழைய மதில்களின் வயிறு புடைத்திருக்கிறதா என்பனவும் பார்க்கத்தக்கவை. மண் மெல்ல மெல்ல நகர்கிற இடத்தில் இவை சாட்சி சொல்லும். “பெரிய கற்பாறை வெளியே தெரிகிறது, ஆகையால் நிலம் உறுதி” என்று தரகர் சொல்வதும் உண்டு. அந்தப் பாறை மலையின் உடம்போடு ஒட்டியதாகவும் இருக்கலாம். எந்தக் காலத்திலோ மேலிருந்து உருண்டுவந்து மண்ணிற் புதைந்து கிடக்கும் தனிக் கல்லாகவும் இருக்கலாம். இரண்டாவதாயின், அதுவே அந்த இடம் ஒருகாலத்தில் சரிந்த இடம் என்பதற்கு அத்தாட்சி.

இக்காலத்தில் தோட்டக் காணிகளையும் பழைய வளவுகளையும் துண்டுபோட்டு விற்போர், மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து சரிவைப் படிப்படியாக வெட்டி, வெட்டிய மண்ணை அப்படியே முன்புறத்தில் தள்ளிச் சமப்படுத்தி, ஒவ்வொரு படியையும் ஒரு மனையாக அளந்து விற்கிறார்கள். பார்வைக்கு அது மைதானம். ஆனால் அந்த மைதானத்தின் பின்பாதி, மலையின் பழைய கெட்டித் தரை. முன்பாதி, நேற்றுக் கொட்டிய பொடிமண். இவ்விரண்டின்மேலும் ஒரே அத்திவாரத்தைப் போட்டால், பின்பாதி நின்ற இடத்திலேயே நிற்க, முன்பாதி ஒவ்வொரு மழைக்கும் சிறிது சிறிதாக அமிழும். இரண்டும் சந்திக்கிற இடத்தில், பெரும்பாலும் நடு மண்டபத்தின் குறுக்கே, சுவர் மேலிருந்து கீழாகப் பிளக்கும். மேசன் வந்து சீமெந்தைப் பூசிப் பூசி மூடுவார். அடுத்த கார்த்திகையில் அது மீண்டும் திறக்கும். நிரப்பிய மண்ணிலே வீடு கட்டலாகாது என்பதில்லை. அதைத் துளைத்துக்கொண்டு கெட்டித் தரை வரை தூண்களை இறக்க வேண்டும், அதற்கு வரும் செலவைக் காணியின் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டு வாங்க வேண்டும் என்பதே சொல்லவந்தது. பள்ளத்தாக்கிலே வயலை நிரப்பி விற்கும் காணிகளுக்கும் இது பொருந்தும். அவற்றுக்கு மேலும் ஒரு தடை உண்டு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி வயலை நிரப்புதல் குற்றம். வயலும் ஓடையும் தண்ணீர் தங்குவதற்கென்று இயற்கை ஒதுக்கிய இடங்கள். அவற்றை நெருக்கினால் என்ன நேரும் என்பதை, பிங்கா ஓயா பெருகுந்தோறும் அக்குறணைக் கடைத்தெரு நமக்குப் பிரத்தியட்சமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. ஏழு பேர்ச்சஸ் 1,900 சதுர அடிக்குச் சற்று அதிகம். நில அளவையாளர் அளப்பது மேலிருந்து பார்த்தாற்போன்ற தட்டையான அளவு. காணிக்குப் பின்னால் பத்தடி உயரத்துக்கு மண்ணை வெட்டி, அந்த வெட்டைப் பாதுகாப்பான சாய்வோடு விட்டால், அச்சாய்வே பத்தடி அகலத்தை விழுங்கிவிடும். அந்தப் பத்தடியை இழக்க மனம் வராமையாலேதான் நம்மவர்கள் மண்ணைச் செங்குத்தாக வெட்டுகிறார்கள். தோட்டங்களிலே இந்திய உதவியோடு கட்டப்பட்ட ஐந்நூற்றைம்பது சதுர அடி வீடுகளுக்குப் பின்னால் ஒரு சமையலறையைச் சேர்க்க முற்படுவோரும் இதையே செய்கிறார்கள். செங்குத்தான வெட்டு கோடையில் கல்லைப்போல நிற்கும். மூன்று வருஷம்கூட நிற்கும். நான்காம் வருஷத்தில் ஒருநாள் இரவு மழை விடாது பெய்யும்.

இங்கே சற்று நின்று, மண் ஏன் சரிகிறது என்பதை விளங்கிக்கொள்வது நல்லது. ஏனெனில், அதை விளங்கிக்கொண்டவருக்கு மற்றப் புத்திமதிகளிற் பாதி தேவையில்லை. நம் மலைகளின் அடியில் இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. அதன்மேல், அந்தப் பாறையே காலக்கிரமத்தில் உதிர்ந்து மாறிய மண் ஒரு போர்வையாகக் கிடக்கிறது. மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பற்றிக்கொண்டிருப்பதனாலேயே அப்போர்வை சரிவில் தங்குகிறது. மழைநீர் ஊறி, துகள்களுக்கு இடையிலுள்ள வெளி முழுவதும் நிரம்பும்போது, அந்நீரின் அழுத்தம் துகள்களை விலக்குகிறது, பிடி தளர்கிறது, அதே சமயத்தில் மண்ணின் பாரமும் கூடுகிறது. நாம் அடியை வெட்டி ஆதாரத்தையும் எடுத்துவிட்டிருந்தால், அது இறங்குவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. ஆதலால் மலைநாட்டில் வீட்டுக்குச் சத்துரு தண்ணீர். சுவர் கட்டுவது இரண்டாவது வேலை. தண்ணீருக்கு வழி காட்டுவதே முதல் வேலை.

ஆனால் நடப்பது என்ன? ஆயிரம் சதுர அடிக் கூரையொன்றின்மேல் ஒரே நாளில் நூறு மில்லிமீட்டர் மழை பெய்தால், அக்கூரையிலிருந்து இறங்கும் நீர் ஒன்பதாயிரம் லீட்டருக்கு மேல். இதை நான் புதிராகச் சொல்லவில்லை. அளவைப் பெருக்கிப் பார்த்தால் எவரும் காணலாம். நகரத்துப் பெரிய பவுசர் வண்டி ஒன்று நிறையத்தக்க அந்த நீரை, நம் புதிய வீடுகளிற் பல, பீலியும் இல்லாமல் கானும் இல்லாமல், அத்திவாரத்தின் ஓரத்திலேயே கொட்டுகின்றன. அல்லது ஒரு குழாயை மாட்டி, வேலிக்கு அப்பால் கீழ்வீட்டார் பக்கம் திருப்பிவிடுகின்றன. முன்னது தற்கொலை, பின்னது பிறருக்குச் செய்யும் தீங்கு. வெட்டின் உச்சியில், மேலிருந்து வரும் நீரை மறித்து இருபக்கமும் திருப்பும் கான் ஒன்று. வீட்டைச் சுற்றிச் சீமெந்துக் கான் ஒன்று. இரண்டையும் பொதுக் கானிலோ ஓடையிலோ சேர்க்கும் வழியொன்று. இவற்றை வீட்டுக்குப் பின் செய்துகொள்ளலாம் என்று ஒத்திவைக்காமல், அத்திவாரத்துக்கு முன்பே செய்தல் வேண்டும். மலசலகூடக் குழியின் விஷயமும் அதுவே. கிணற்றிலிருந்து ஐம்பதடியேனும் தள்ளியிருக்க வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். ஆனால் ஊறுகுழியைத் தாங்கு சுவருக்கு நேர்மேலே தோண்டி, வருஷம் முழுவதும், கோடையிலுங்கூட, தம் கையாலேயே அந்த மண்ணுக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு, தாம் செய்வது இன்னதென்பதே தெரிவதில்லை.

தாங்கு சுவரைப் பற்றியும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன். கருங்கல்லால் மூன்றடி தடிப்பில் ஒரு சுவரைக் கட்டி, வெளிப்புறத்தை வழுவழுப்பாகப் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டால் அது மலையைத் தாங்கிவிடும் என்பது வீண் நம்பிக்கை. பின்னால் தேங்கும் நீர் வெளியேறுவதற்கு வரிசை வரிசையாகத் துளைகள் விடாவிட்டால், அந்தச் சுவர் மண்ணோடு ஒரு குளத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கும். துளை விட்டால் மாத்திரமும் போதாது. அதன் பின்புறத்தில் உடைகல் நிரப்பி, மண் வந்து துளையை அடைக்காதபடி செய்ய வேண்டும். அழகுக்காகத் துளைகளைச் சீமெந்தால் அடைத்துவிட்டவர்களையும் கண்டிருக்கிறேன். அன்றியும், சுவர் கட்டுவதற்காகக் காணியின் முழு அகலத்தையும் ஒரே நாளில் வெட்டித் திறந்துவிடாமல், ஒரு பகுதியை வெட்டிக் கட்டி முடித்தபின் அடுத்த பகுதியை வெட்டுவதே விவேகம். பெக்கோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுப்பவருக்கு இது கசப்பாகத்தான் இருக்கும்.

மேற்சொன்னவற்றை ஆராய்ந்து சொல்வதற்கென்றே ஒரு நிறுவனம் நாட்டில் உண்டு. 1984ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களை வகுத்துப் படமும் வரைந்திருக்கிறது. கண்டி அவற்றுள் ஒன்று. இம்மாவட்டங்களில் கட்டட அனுமதி கோருமுன் அந்நிறுவனத்தின் அறிக்கையைப் பெற வேண்டும் என்பது விதி. நம்மவர்களிற் சிலர் இதை லஞ்சத்தாலோ தயவாலோ தாண்டவேண்டிய ஒரு கதவென்று நினைக்கிறார்கள். வேறு சிலர் பிரதேச சபைக்குப் போனால் வீண் அலைச்சல் என்று, இரவோடிரவாகத் தூண் நட்டுவிடுகிறார்கள். அறிக்கையில் எழுதியிருப்பதை ஒருமுறையேனும் வாசித்தவர்கள் சிலரே. “இரண்டு மாடிக்கு மேற்படலாகாது”, “இந்த எல்லைக்கு அப்பால் வெட்டலாகாது”, “இன்ன இடத்தில் கான் அமைக்க” என்ற நிபந்தனைகளே அந்தக் காகிதத்தின் உயிர். முத்திரை அதன் சட்டை. எச்சரிக்கையைப் பெற்றும் அதைச் செயற்படுத்தாமல் விட்டால் எவ்வளவு கொடுமை நேரும் என்பதற்கு, 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்களோடு புதைந்த நம் மக்களே சாட்சி. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருஷங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. அங்கே ஏழைத் தொழிலாளிக்குப் போக வேறிடம் கொடுக்கப்படவில்லை என்பது மாபெரும் அநீதி. சொந்தப் பணத்தில் இடத்தைத் தெரிந்தெடுக்கக்கூடிய நாம் அதே ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதற்கு என்ன சமாதானம் சொல்வோம்? 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில், நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தபோது, மிகுந்த துயரத்தை அநுபவித்த மாவட்டங்களுள் நம் கண்டி முன்நின்றது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, வீட்டின் அமைப்பு. கொழும்பிலுள்ள மைத்துனர் கட்டிய வீட்டின் பிளானையோ, கனடாவிலுள்ள சித்தப்பா அனுப்பிய படத்தையோ கொண்டுவந்து, அதை அப்படியே இறக்கிவைப்பதற்காக மலையை வெட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்குத் தக்கபடி மலையை மாற்றுவதைவிட மலைக்குத் தக்கபடி வீட்டை மாற்றுவது செலவு குறைந்தது என்பதற்கு, நம் நகரத்திலேயே பிறந்த ஓர் அம்மையார் எழுபது வருஷங்களுக்கு முன்பே உதாரணம் காட்டிவிட்டார். 1918இல் கண்டியிற் பிறந்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் சங்கத்தில் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண்மணியான மினெட் டி சில்வா, 1949க்கும் 1951க்கும் இடையில், கருணாரத்ன குடும்பத்தாருக்காக இந்நகரத்துச் சரிவொன்றில் ஒரு வீட்டை அமைத்தார். சரிவை மட்டமாக்காமல், சரிவு இறங்கும் வழியே வீட்டின் தளங்களும் ஏறியிறங்குமாறு அதை வகுத்தார். நவீன கொங்கிறீட்டோடு நம் ஊர்க் களிமண் ஓடுகளையும் தும்பறைப் பாய்நெசவையும் கூசாமற் சேர்த்தார்.

அதைவிட எனக்கு வியப்பளிப்பது, பின்னர் வட்டபுலுவவில் அரசாங்க ஊழியர்களுக்காக அவர் வகுத்த ஏறக்குறைய 250 வீடுகள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் குடியேறப்போகும் அந்த இடத்துக்கு, ஒரே அச்சில் வார்த்த வீடுகளைக் கொடுக்காமல், குடியிருக்கப்போகிறவர்களிடமே வினாப்பத்திரம் கொடுத்து, எத்தனைபேர், எப்படிச் சமைப்பீர்கள், விருந்தினர் வந்தால் எங்கே அமர்வர், எவ்வளவு செலவிட முடியும் என்றெல்லாம் கேட்டறிந்து, பலவகை மாதிரிகளை ஆக்கினார். அரசாங்க வீட்டுத்திட்டமொன்றில் ஒரு கட்டடக் கலைஞர் கேட்ட கேள்வியை, நம் சொந்த வீட்டிலே நாம் கேட்பதில்லையே! வெளிநாட்டிலிருக்கும் மூத்த மகனின் அபிப்பிராயம் கேட்கப்படுகிறது; சோதிடர் கேட்கப்படுகிறார்; நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் அடுக்களையில் நிற்கப்போகிற தாயாரை மாத்திரம் எவரும் கேட்பதில்லை. விளைவு, பளிங்குபோன்ற தரையோடு மண்டபம் விசாலமாகவும், அடுக்களை மலைவெட்டை நோக்கிய இருண்ட பொந்தாகவும் அமைந்துவிடுகிறது. வெட்டுக்கும் பின்சுவருக்கும் இடையே போதிய வெளி விட்டிருந்தால் வெளிச்சமும் வந்திருக்கும். மண் சரிந்தாலும் அடுப்பின்மேல் விழாது. பின்முற்றத்துக்கு இவ்வளவு வெளி வேண்டும் என்று 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்ட காலந்தொட்டே அரசாங்கம் வற்புறுத்தி வருவது காரணமில்லாமலன்று.

வாஸ்து சாஸ்திரத்தை நம்புவோரோடு வாதிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் தென்மேற்கு உயர்ந்தும் வடகிழக்குத் தாழ்ந்தும் இருக்க வேண்டும் என்பது அதன் விதியாயிருக்க, வடகிழக்கிலேயே மலை எழுந்து நிற்கும் காணியை வாங்கிவிட்டு, பின்னர் அந்த மலையைக் குடைந்து விதியை நிறைவேற்ற முயல்வது எந்தச் சாஸ்திரமும் விதித்ததன்று. அப்படிப்பட்ட நம்பிக்கை உடையவர்கள் வேறு காணி பார்ப்பதே இருசாராருக்கும் க்ஷேமம்.

கூரையைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். பழைய கண்டி வீடுகளின் உயர்ந்த திண்ணைமேடையும், இரண்டு சாய்வாக மடிந்து சுவருக்கு வெகுதூரம் வெளியே நீண்ட ஓட்டுக்கூரையும் அழகுக்கு மாத்திரம் ஏற்பட்டவை அல்ல. மண்சுவரையும் மரத்தூணையும் சாரலிலிருந்து காப்பதற்கு ஏற்பட்டவை. இன்றைய மோஸ்தரோ, தாழ்வாரமே இல்லாத பெட்டிவீடு. கூரையை மறைக்கச் சுற்றிலும் கைப்பிடிச் சுவர். வறண்ட தேசத்துப் படங்களில் அது நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே அந்தக் கைப்பிடிச் சுவருக்கு உட்புறம் இலையும் பாசியும் சேர்ந்து, நீர் தேங்கி, இரண்டாம் வருஷமே உட்கூரையில் மஞ்சட்படம் வரையத் தொடங்கும். உடவத்தக்கலைக் காட்டுக்குக் கிட்டக் கட்டுவோர் குரங்குகளையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவை ஓட்டைப் புரட்டிப் பார்ப்பதில் கொண்டுள்ள சிரத்தை, நம் மேற்பார்வையாளர்களுக்கு இருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

வேலை தொடங்கியபின் நேரும் பிழைகளிற் பெரும்பாலானவை பணத்தையும் அவசரத்தையும் சார்ந்தவை. மேசன் பாஸை நம்புவது நல்லது. ஆனால் நம்பிக்கையை ஒரு தாளில் எழுதிக்கொள்வது அதனினும் நல்லது. என்ன வேலை, என்ன பொருள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று எழுதாமல், கேட்டபோதெல்லாம் கொடுத்துவந்தால், பணம் வேலைக்கு முன்னே ஓடிவிடும். கூரை மட்டத்துக்கு வரும்போது கையிருப்பு தீர்ந்துபோவது நம்மவர் வீடுகளில் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயம். 2021இல் ஆயிரம் ரூபாவை ஒட்டியிருந்த சீமெந்து மூட்டை, 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மூவாயிரம் வரை ஏறியபோது, அரைகுறையாக நின்றுபோன சுவர்கள் இன்னும் பல ஊர்களில் பாசி பிடித்து நிற்கின்றன. ஆகவே, கணக்கிட்ட தொகையில் ஐந்திலொரு பங்கையாவது தொடாமல் ஒதுக்கிவைத்த பின்பே தொடங்க வேண்டும். அது முடியாதாயின், வீட்டைச் சிறிதாக்க வேண்டும். சிறிய வீடு கௌரவக் குறைவு என்ற எண்ணம் உங்களிடம் இருந்தால், அதன் விலையையும் வங்கிக்காரர் கடனோடு சேர்த்தே வசூலிப்பார்.

கொங்கிறீட்டைப் பிசையும்போது வேலை இலகுவாகட்டும் என்று தண்ணீரை அள்ளி ஊற்றுவது மேசன்மாரின் பழைய வழக்கம். அதிகப்படியான நீர் ஆவியாகி வெளியேறிய இடமெல்லாம் வெற்றிடமாகி, கொங்கிறீட் பலவீனப்படும். போட்டபின் ஏழு நாளேனும் ஈரம் காயாமல் வைத்திருப்பதற்கோ ஒருவரும் அக்கறை காட்டுவதில்லை. அதாவது, வேண்டாத நேரத்தில் தண்ணீர் கொடுத்து, வேண்டிய நேரத்தில் மறுத்துவிடுகிறோம். தளத்தின் அடிப்பலகைகளை வாடகை ஏறுகிறதென்று ஒரு வாரத்திலேயே கழற்றுவதும் இவ்வகையினதே; கொங்கிறீட் தன் முழுப் பலத்தை எய்த ஏறக்குறைய நான்கு வாரம் செல்லும்.

கறையானுக்கு அத்திவாரத்திலேயே மருந்திடுதல், தரையீரம் சுவரில் ஏறாதபடி தடுப்புப் படை வைத்தல் என்பனவற்றை எந்த நல்ல மேசனும் சொல்வார். 2020 ஆகஸ்டில் திகனப் பக்கத்தில் நிலம் சிறிதாக அதிர்ந்து வீடுகளில் வெடிப்புக் கண்டதை நினைவுகூர்வோர், கதவு சன்னல்களின் தலைமட்டத்தில் சுவர்களையெல்லாம் சுற்றிப் பிணைக்கும் கம்பிக் கொங்கிறீட் வளையத்தை வீண் செலவு என்று தள்ளமாட்டார்கள்.

ஆனால் மொட்டைமாடியில் வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த கம்பிகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. மகனுக்குக் கல்யாணமானால் மேலே ஒரு மாடி, பேரனுக்கு அதன்மேல் ஒரு மாடி என்பது நல்லெண்ணந்தான். அந்த மூன்று மாடிகளையும் தாங்கத்தக்க அத்திவாரம் முதல்நாளே போடப்பட்டிருந்தால், பொறியியலாளர் ஒருவர் அதைக் கணக்கிட்டு எழுதியிருந்தால், அனுமதியும் அதற்கே பெறப்பட்டிருந்தால், நான் ஒன்றும் சொல்லேன். ஒரு மாடிக்கென்று போட்ட அத்திவாரத்தின்மேல், பத்து வருஷம் மழையில் துருவேறிய கம்பியோடு புதுக் கம்பியைக் கட்டி, ஆண்டுக்கொரு தளமாக ஏற்றுவதே என் அச்சம். சமதரையில் அக்கட்டடம் சிறிது சிறிதாக அமிழ்ந்து முன்னறிவிப்புக் கொடுக்கலாம்; சரிவிலோ, மேலேறிய ஒவ்வொரு மாடியின் பாரமும், கீழே இறங்கத் துடிக்கும் மண்ணைப் பிடரியில் பிடித்துத் தள்ளுகிறது.

காலத்தைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். சுபமுகூர்த்தம் ஆவணியில் வந்தால் கல்லை மாத்திரம் வைத்துவிட்டு, மண் வெட்டும் வேலையைத் தை பிறக்கும்வரை நிறுத்திவையுங்கள். தை முதல் பங்குனி வரையிலான வறண்ட நாட்களில் வெட்டும் சுவரும் கானும் முடிந்துவிட்டால், சித்திரை மழைக்கு அஞ்சவேண்டியதில்லை. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாக இருங்கள் என்றும், 100 தாண்டினால் ஆயத்தமாக இருங்கள் என்றும், 150 தாண்டினால் வெளியேறுங்கள் என்றும் அந்த ஆராய்ச்சி நிறுவனம் அளவு சொல்லியிருக்கிறது. ஆயினும், திறந்து கிடக்கும் புது வெட்டு ஒன்று அதைவிடக் குறைந்த மழைக்கே இறங்கக்கூடும் என்பதால், வேலை நடக்கும் காலத்தில் அந்த எண்களில் பாதிக்கே அஞ்சுங்கள்.

பெக்கோவுக்குச் சொல்லியனுப்புவதற்கு முன்பு, பிளானைக் கையில் எடுத்துக்கொண்டு கீழ்வீட்டாரிடம் ஒருமுறை போய் வாருங்கள். எங்கே வெட்டப்போகிறோம், மழைநீரை எந்த வழியாக இறக்கப்போகிறோம், எத்தனை மாடி எழுப்பப்போகிறோம் என்று அவர்களுக்குக் காட்டுங்கள். அவர்களுடைய மதில் எந்த வருஷம் வெடித்தது, எந்த மழையில் முற்றத்தில் சேறு நின்றது என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் காணியைப் பற்றி உங்களுக்கு விற்றவர் சொல்லாததை அவர்கள் சொல்லக்கூடும். பிறகு மேல்வீட்டாரிடமும் போங்கள். மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஒரு கான் வெட்டிப் பெருங்கானில் சேர்ப்பதற்குச் செலவைப் பங்கிட்டுக்கொள்ள அவர்கள் உடன்பட்டால், அந்தக் கானையே முதலில் வெட்டுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
கண்டிவாசி ஒருவன்